கொட்டகைக் கால் ஏன் தரைமட்டத்தில் ஒடிகிறது?

“எங்கள் தோட்டத்தில் எட்டு வயதான தேக்கில் களைப்பு வெட்டு எடுத்தபோது கிடைத்த கழிகளைக் கொண்டு மாட்டுக்கொட்டகை போட்டோம். எட்டுக் கால்கள், மேலே தகரம். தேக்கு என்பதால் இருபது வருடம் கவலையில்லை என்றார்கள். மூன்றாவது மழைக்காலம்கூட வரவில்லை. போன மாதம் அடித்த காற்றில் ஒரு கால் தரையோடு ஒடிந்து, தகரம் சரிந்து கன்றுக்குட்டியின் முதுகில் விழுந்துவிட்டது. கன்று பிழைத்துக்கொண்டது. இன்னும் மூன்று கால்கள் ஆடுகின்றன. வீட்டின் பின்னால் என் மாமனார் வைத்த வேம்பு நிற்கிறது. அதை வெட்டிக் கால் போட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனது வரவில்லை. ஐப்பசி மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். வேம்பை வெட்டலாமா? தேக்கே ஏன் இப்படி ஆனது?”

– வாசகி ஒருவர், வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

வேம்பை வெட்ட வேண்டியதில்லை. புதுக் கால்களும் பெரும்பாலும் தேவைப்படாது. எதனால் அப்படி என்பதற்கு, அந்தக் கால் எங்கே ஒடிந்தது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அது நடுவில் ஒடியவில்லை, தகரத்தைத் தாங்கும் உச்சியிலும் ஒடியவில்லை. தரைமட்டத்தில் ஒடிந்திருக்கிறது.

மரம் மக்குவது எப்படி?

மரத்தை மக்கவைப்பது பூஞ்சாணம். அது வளர ஈரம், காற்று, மிதமான சூடு மூன்றும் வேண்டும். நன்றாகக் காய்ந்து, ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சாணம் வளராது. நூறு வருட வீடுகளில் உத்திரம் இன்னும் உறுதியாக இருப்பதற்கு இதுவே காரணம். முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மரமும் எளிதில் மக்காது, ஏனென்றால் அங்கே பூஞ்சாணத்துக்குக் காற்று கிடைப்பதில்லை.

தரைமட்டத்தில் நிலைமை வேறு. மண்ணிலிருந்து ஈரம் வருகிறது, மேலிருந்து காற்று வருகிறது. மாட்டுக்கொட்டகை என்றால் மூத்திரமும் கழுவும் தண்ணீரும் தினமும் காலடியை நனைக்கின்றன. மண்ணிலிருந்து நேராக ஏறிவரக் கரையானுக்கும் அதுதான் வழி. ஆகவே தரைக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் அளவுதான் காலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தேக்கு ஏன் கைவிட்டது?

மரத்தின் குறுக்கு வெட்டில் இரண்டு நிறம் தெரியும். ஓரத்தில் வெளிறிய பகுதி வெள்ளை. உள்ளே நிறம் ஏறிய பகுதி வைரம். வெள்ளைதான் உயிரோடு இருந்து வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் பகுதி. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. பூஞ்சாணம், கரையான், உளுப்பூச்சி எல்லாவற்றுக்கும் அது தீனி. மரம் வயதாக ஆக உட்பகுதி செத்து, அதில் துவர்ப்பும் கசப்பும் எண்ணெய்த்தன்மையும் கொண்ட பொருட்கள் படிகின்றன. பூச்சியையும் பூஞ்சாணத்தையும் தடுப்பவை அந்தப் பொருட்கள்தான். அவை சேர்ந்த மரத்தைத்தான் ‘வைரம் பாய்ந்த மரம்’ என்கிறோம்.

எந்த மரமானாலும் வெள்ளை நீடிக்காது. தேக்கின் வெள்ளைக்கும் மாமரத்தின் வெள்ளைக்கும் மண்ணுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. எட்டு வயதுத் தேக்கில் வைரம் அப்போதுதான் கூட ஆரம்பித்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 செ.மீ. குறுக்களவுள்ள கழியில் சுற்றிலும் 4 செ.மீ. வெள்ளை என்றால், நடுவில் மிஞ்சும் வைரம் 7 செ.மீ. பரப்பில் பார்த்தால் அது நாலில் ஒரு பங்குகூட இல்லை. காற்றில் வளையாமல் நிற்கும் வலுவோ அதைவிட வேகமாகக் குறையும். உருண்டைக் கழியின் குறுக்களவு பாதியானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். 15 செ.மீ. கால் 7 செ.மீ. ஆகும்போது மிஞ்சுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுதான். வெள்ளை மக்கியதும் அந்தக் கால் குழிக்குள் ஆட ஆரம்பிக்கும். அடுத்த காற்றில் ஒடியும். வாசகியின் கொட்டகையில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒடிந்த துண்டைக் குறுக்கே அறுத்துத் தண்ணீரால் துடைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும்.

இருக்கும் கால்களைக் காப்பாற்றும் வழி

தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேலே அந்தக் கால்கள் கூரைக்கு அடியில் காய்ந்துதான் நின்றிருக்கின்றன. அங்கே ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் ‘டங்’ என்று சத்தம் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. மெத்தென்று இறங்கினாலோ, துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினாலோ அந்தக் காலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நல்ல கால்களுக்குச் செய்ய வேண்டியது இது:

1. மாடுகளை வேறிடத்தில் கட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் எடுங்கள். அதன் இரண்டு பக்கமும் உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்த பிறகே அறுக்க வேண்டும்.

2. தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் காலைக் குறுக்கே அறுங்கள். அறுத்த முகத்தில் இன்னும் மக்கல் தெரிந்தால் சற்று மேலே ஏறி அறுக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் கரையானுக்கு வீடாகும்.

3. அதே குழியை ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டு அடி ஆழமுமாக ஆக்கி, அடியில் ஜல்லியைக் கெட்டித்து, கான்கிரீட் பீடம் எழுப்புங்கள். பீடத்தின் தலை தண்ணீர் தேங்காதபடி நாலு பக்கமும் சரிவாக இருக்கட்டும்.

4. கான்கிரீட் போடும்போதே இரண்டு கனத்த இரும்புப் பட்டைகளை ஒரு அடி ஆழத்துக்குப் புதைத்து, மேலே ஒரு அடி நீட்டிவிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகு, மரக்காலை இந்தப் பட்டைகளுக்கு நடுவே நிறுத்தி இரண்டு போல்ட் போட்டு முடுக்கலாம்.

5. மரம் கான்கிரீட்டில் நேராக உட்காரக் கூடாது. நடுவில் ஓர் இரும்புத் தகடோ கல் சில்லோ வைத்து ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள்.

இரும்புப் பட்டையை விட்டுவிட்டுக் கல் மேல் காலைச் சும்மா நிறுத்துவது ஆபத்து. ஓட்டு வீட்டில் அது சரிப்படும்; ஓட்டின் கனம் காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தகரக் கூரை கனமில்லாதது. காற்று அதைக் காலோடு சேர்த்துத் தூக்கிவிடும். மண்ணில் ஊன்றாத கால் பக்கவாட்டில் சாயாமல் இருக்க, மூலைக்கு மூலை குறுக்குச் சட்டமும் அடிக்க வேண்டும்.

பழைய வீடுகளில் தேக்குத் தூணுக்கு அடியில் கருங்கல் வைத்ததன் காரணம் இதுதான். அழகு கருதி மட்டும் வைத்த கல்லாக அதை நினைத்துவிடக் கூடாது. தூணின் பாதத்தை ஈரத்திலிருந்து பிரித்து வைத்த கல் அது.

வேம்பு?

முப்பது நாற்பது வருட வேம்பில் செந்நிற வைரம் உண்டு. அதைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் இந்த மழைக்கு அது உதவாது. பச்சை மரத்தை அறுத்து உடனே நிறுத்தினால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். பருமனான கால் நிழலில் காயப் பல மாதங்கள் பிடிக்கும். வெள்ளையைச் செதுக்கித் தள்ளிய பிறகு எத்தனை கால்கள் தேறும் என்பதும் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வயதான மரமென்றால் நடுவில் பொத்தலும் இருக்கலாம். நாலு காலுக்கு அடிபோட்டு நிறுத்துவதோடு முடிகிற வேலைக்கு, சித்திரை வெயிலில் மாடுகளுக்கு நிழல் தரும் மரத்தை இழக்க வேண்டாம்.

எந்த வேலைக்கு எந்த மரம்?

புதிதாகக் கொட்டகை, கேட், பந்தல் போடுகிறவர்கள் மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். பெயரோடு வைரத்தின் அளவையும் பார்க்க வேண்டும்.

டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரங்களின் ஆயுளைச் சோதிக்க ஒரு முறை உண்டு. 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. கனமும் உள்ள வைரத் துண்டுகளை மண்ணில் பாதி புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் நின்றால் உயர்ந்த தாங்குதிறன். 60 முதல் 120 மாதம் வரை நடுத்தரம். 60 மாதத்துக்கும் குறைவு என்றால் தாழ்ந்தது. இந்தியத் தர நிர்ணயத்திலும் இதே பாகுபாடுதான். சோதனைத் துண்டு மெல்லியது என்பதால், பருமனான வைரக்கட்டை இதைவிடக் கூடுதல் காலம் நிற்கும். வெள்ளை கலந்த கழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

*மண்ணைத் தொடும் வேலைக்கு:* முதிர்ந்த தேக்கு, வேங்கை, இலுப்பை ஆகியவற்றின் வைரம். செலவில்லாமல் வேண்டுமானால் சீமைக்கருவேலின் தடித்த அடிமரம். நிலத்தைக் கெடுக்கிறது என்று வேரோடு பிடுங்கிப் போடும் இந்த மரத்தின் கருஞ்சிவப்பு வைரம் நன்றாக நீடிக்கும், காயும்போது அதிகம் சுருங்காது. நேரான கட்டை கிடைப்பதுதான் சிரமம். மணிக்கட்டு அளவுக் கழியை நடாதீர்கள்.

*கூரைக்கு அடியில், கல் மேல் நிற்கும் வேலைக்கு:* வேம்பு, கருவேலம், பூவரசு, மருது, வாகை, புளி. இவற்றிலும் வைரம் மட்டுமே கணக்கு. கருவேலத்தின் வெள்ளையையும் புளியின் வெள்ளையையும் உளுப்பூச்சி சீக்கிரம் பிடிக்கும், செதுக்கித் தள்ளுங்கள்.

*மண்ணில் ஊன்றவே கூடாதவை:* மா, இலவம், முருங்கை, மலைவேம்பு, ரப்பர், சவுக்கு, இளந்தைலக் கழி, மூங்கில். ஒதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பது எல்லா ஊரிலும் தெரிந்ததுதான்.

இதில் பலரும் ஏமாறுவது சவுக்கில். கனமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதே, நிற்காதா என்று நினைக்கிறார்கள். கெட்டித்தன்மை வேறு, மக்காத தன்மை வேறு. சாரத்துக்கும் தற்காலிகப் பந்தலுக்கும் சவுக்கு நல்ல மரம். மண்ணுக்குள் போனால் கரையான் விடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் உத்திரம், தூண், நிலைக்கட்டை விற்பார்கள். பல வருடம் காய்ந்து, வைரம் மட்டுமே மிஞ்சிய மரம் அது. சுவருக்குள் இருந்த முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்து, மக்கிய பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டால் புதுமரத்தைவிட நம்பிக்கையானது.

விலையை வருடத்தில் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 300 ரூபாய்க் கழி இரண்டு வருடம் நின்றால் வருடத்துக்கு 150 ரூபாய். 1,200 ரூபாய் வைரக்கால் பன்னிரண்டு வருடம் நின்றால் வருடத்துக்கு 100 ரூபாய். ஒவ்வொரு முறையும் தகரத்தைப் பிரித்துப் போடும் கூலி இதில் சேரவில்லை.

சொந்தப் பட்டா நிலமானாலும் தேக்கு, வேங்கை, சந்தனம் போன்ற மரங்களை வெட்டுவதற்கு முன்பும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பும் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

“வயல் வேலிக்கு மூங்கில் கால்கள் நடுகிறோம். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. நுனியைச் சுட்டு, பழைய இன்ஜின் ஆயில் பூசி நட்டால் நிற்குமா?”

– வாசகர் ஒருவர், மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

சுட்ட கரியைப் பூஞ்சாணம் தின்னாதுதான். ஆனால் கரி மேல்தோலோடு நிற்கிறது. அது வெடிக்கும் இடங்களில் ஈரம் உள்ளே போய்விடும். சுடச் சுட மரமும் மெலிந்துபோகும். பழைய ஆயிலும் மேலோடு நிற்பதுதான், உள்ளே இறங்குவதில்லை. அதோடு அது மழையில் கரைந்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும். அதைச் செய்யாதீர்கள்.

மூங்கிலை வெட்டியதும் சில வாரங்கள் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடும் வழக்கத்தில் அர்த்தம் உண்டு. மாவுச்சத்து கரைந்து போவதால் உளுப்பூச்சி குறையும். ஆனால் மண்ணில் நட்டபின் வரும் கரையானையும் மக்கலையும் அது தடுக்காது.

அழுத்தத்தில் மருந்தேற்றிய கால்கள் கடையில் கிடைக்கின்றன. அவை நீடிக்கும். சிலவற்றில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கும் என்பதால் தீவனத் தொட்டிக்கோ, மாடு நக்கும் இடத்திலோ வைக்கக் கூடாது. வெட்டிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

நிரந்தர வேலிக்கு இருக்கும் எளிய வழி, உயிருள்ள காலை நடுவது. உயிரோடு நிற்கும் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சாணம் அவ்வளவு எளிதில் பிடிக்காது. தண்ணீர் தேங்காத மேட்டு வரப்பாக இருந்தால் கிளுவை, கிளைரிசிடியா போத்துகளை மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு வேர்பிடிக்க விடுங்கள். அதுவரை இப்போதுள்ள மூங்கிலில் கம்பி நிற்கட்டும். கிளைரிசிடியா தழையுரமாகவும் ஆகும்.

“புயலில் பழைய பனை ஒன்று சாய்ந்துவிட்டது. இதை எதற்குப் பயன்படுத்தலாம்? பனையில் வைரம் எங்கே இருக்கிறது?”

– வாசகர் ஒருவர், திருப்புல்லாணி ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.

பனையில் எல்லாம் தலைகீழ். மற்ற மரங்களில் வைரம் உள்ளே, பனையில் வெளியே. இதைக் கவனித்துத்தான் தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும், வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் பிரித்திருக்கிறது. பனை புல் வகை. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களில்தான் சேர்க்கிறது.

ஆகவே வேம்பில் தோலோரத்தைச் செதுக்கித் தள்ள வேண்டும். பனையில் நடுச்சோற்றைத் தள்ளிவிட்டு, கறுத்த நாருள்ள வெளிப்பகுதியை எடுக்க வேண்டும். அடிமரத்தில்தான் அந்தப் பகுதி கனமாக இருக்கும். மேலே போகப் போக மெலியும். மரம் சாய்ந்த சில வாரங்களுக்குள் பிளந்து, சோற்றைச் செதுக்கி, நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். முழுத்தண்டாகப் போட்டுவைத்தால் உள்சோறு அழுகி வெளிவைரத்தையும் கெடுக்கும்.

கூரைக்கு வாரையும் கையும் அறுக்கப் பனை அருமையான மரம். நனையாமல் இருந்தால் தலைமுறை தாண்டும். மண்ணில் ஊன்றாமல் மேலே பயன்படுத்துங்கள்.

சாய்ந்த மரத்தை எடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துவிடுவது நல்லது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. நிற்கும் பனையைக் கூரைக்காகத் தொட வேண்டாம்.

மழைக்கு முன் ஒரு மணி நேர வேலை

மூன்று கேள்விகளுக்கும் பொதுவாக, எல்லா வீட்டிலும் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கொட்டகை, பந்தல், கேட் என்று மண்ணில் ஊன்றிய ஒவ்வொரு மரக்காலின் அடியிலும் அரை அடி மண்ணைத் தள்ளிவிட்டு, திருப்புளியால் நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். ஒரு விரல்கடை ஆழம் மெத்தென்று இறங்குகிற காலுக்கு இன்றைக்கே முட்டுக்கொடுங்கள். சாணமும் குப்பையும் காலடியில் குவிந்திருந்தால் வாரி எடுங்கள். கரையான் மண்கோடு ஏறியிருந்தால் தட்டிவிட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். வெட்டவெளியில் நிற்கும் காலின் உச்சி தட்டையாக இருந்தால் சரிவாகச் சீவிவிடுங்கள், அல்லது ஒரு தகரத் துண்டால் மூடுங்கள்.

வேடசந்தூர் வாசகிக்கு ஆடுவது மூன்று கால்கள் என்றாலும், எட்டையும் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் மாடுகளை மறுபடி உள்ளே கட்ட வேண்டும். எல்லாம் ஒரே மரம், ஒரே வயது, ஒரே நாளில் நட்டவை. ஒன்று ஒடிந்திருக்கிறது என்றால் மற்றவையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கும்.